துண்டுக்குள் பேசிய விலை

உசிலம்பட்டி
3 ஜூன் 1938

அன்புள்ள மாப்ள அழகுமலைக்கு,

உன் அக்கா செல்லத்தாயும் நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். நீ மதுரையில் சேதி எழுதுகிற பத்திரிகை இப்போது நம் காப்பிக் கடைக்கும் வருகிறது. கடைக்காரன் சோணைமுத்து உரக்கப் படிக்க, ஊரே வாய் பிளந்து கேட்கிறது. என் மச்சினன் எழுதியது என்று சொல்லி நான் முன்பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஆனால் பிள்ளைபிடிக்கிறவர்கள் நடமாட்டம் என்று நீ எழுதியதிலிருந்து ஊர் ஒரு மாதிரியாக இருக்கிறது. வழக்கமாக வரும் வளையல்காரரைக்கூடத் தெருவுக்குள் விடவில்லை. "பேப்பர்லயே போட்டாச்சு, பொறகென்ன?" என்கிறார்கள். மெய்தானா மாப்ள? மாட்டுத் தரகனாக நாலு ஊர் சுற்றுகிற என் கண்ணில் அப்படி ஒருவனும் படவில்லையே.

இப்படிக்கு,
பேயாண்டி

மதுரை
9 ஜூன் 1938

மச்சான் அவர்களுக்கு அழகுமலை வணங்கி எழுதுவது.

உங்களிடம் மறைப்பானேன். நானும் ஒருவனையும் பார்க்கவில்லை; எங்கிருந்தோ வந்த பேச்சு. பத்திரிகை நன்றாகப் போகிறது, ஏதாவது அடையாளம் சேர்த்து எழுது, அப்போதுதான் நம்புவார்கள் என்றார் முதலாளி. எனக்கு நம் சந்தை ஞாபகம் வந்தது. கைமேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து ரகசியமாக மாட்டு விலை பேசுவீர்களே, அதையே திருப்பி, பிள்ளைபிடிக்கிறவர்கள் துணிக்குள் விரல் தொட்டு ஜாடை பேசுவார்கள் என்று எழுதிவிட்டேன். சந்தை தெரிந்த நம் ஆட்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். டவுன்காரர்களுக்குத்தான் இது புதுசு. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
அழகுமலை

உசிலம்பட்டி
24 ஜூன் 1938

மாப்ள,

நான் சொல்லச் சொல்லச் சோணைமுத்து எழுதுகிறான். உங்கள் மதுரைக் காளவாசலில் ஒரு வண்டிக்காரரின் காளையை விலை பேசப் போயிருந்தேன். துண்டைப் போட்டு அவர் விரலைப் பிடித்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தன. யாரோ கத்தவும் கூட்டம் கூடிவிட்டது. வண்டிக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒருவன் உன் பத்திரிகையை விரித்து, "இந்தா, போட்டிருக்குல்ல" என்று படித்துக் காட்டினான். அதற்குப் பிறகு நாங்கள் பேசியது யார் காதிலும் ஏறவில்லை. என் வலது கையைக் கல்லில் வைத்து மிதித்தார்கள்.

மறுநாள் பிள்ளைபிடிக்கிறவன் சிக்கினான் என்று உன் பத்திரிகையில் வந்தது. அது நான்தான் என்று தெரியாமல் சோணைமுத்து அதையும் உரக்கப் படித்திருக்கிறான். உன் அக்கா அழவில்லை. "எந்தம்பிக்குத் துண்டு எதுக்குப் போடுறதுன்னு தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள். நீ எழுதிய காரணத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. சோணைமுத்துவும் சொல்ல மாட்டான்.

உண்மையைப் போடு மாப்ள. வேறொன்றும் கேட்கவில்லை.

பேயாண்டி சொல்ல, சோணைமுத்து எழுதியது

மதுரை
2 ஜூலை 1938

மச்சான்,

சிக்கினான் என்ற சேதியை எழுதியதும் நான்தான். அடிபட்டது நீங்கள் என்று தெரியாது. வேறு யாரோ என்றால் சரியா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். முதலாளியிடம் மன்றாடி, கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி மறுப்புப் போட வைத்தேன். சோணைமுத்துவை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். விரல் எலும்பு கூடிவிட்டதா? அக்காவைப் பார்க்க வரட்டுமா?

உங்கள்,
அழகுமலை

உசிலம்பட்டி
18 ஆகஸ்டு 1938

மாப்ள அழகுமலைக்கு,

இது என் கையெழுத்துதான், கொஞ்சம் கோணல். உன் நாலு வரியைச் சோணைமுத்து திரும்பத் திரும்பப் படித்தான். "மச்சினன் பேப்பர்ல இருக்கான், மாத்திப் போட்டுட்டான்" என்று சொல்லிக் கடையில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள்.

நேற்று சந்தைக்குப் போனேன். வெகுநாளாக என்னிடமே மாடு விற்கிற மொக்கைச்சாமியிடம் துண்டை நீட்டினேன். அவன் கை கொடுக்கவில்லை. "துண்டெல்லாம் வேணாம்ணே. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாயாலயே சொல்லுங்க" என்றான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். விரல் கூடிவிட்டது மாப்ள, பிடிக்கத்தான் ஆள் இல்லை.

உன் கடிதங்கள் கையில் சிக்கி உன் அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நீ வரட்டுமா என்று எழுதியதை அவளிடம் சொன்னேன். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பேயாண்டி