ஒன்பது மதிப்பெண்

என் வாயாடி மகளுக்கு,

கருக்கலைப்பு சரியா, தவறா என்று இன்று கல்லூரியில் விவாதப் போட்டி. நான் நடுவர். "கலைச்சவ எல்லாம் கொலைகாரிங்க!" என்று ஒரு மாணவன் முழங்கினான். அரங்கமே விசிலடித்தது. நல்ல உச்சரிப்பு, தடுமாறாத பேச்சு. முப்பது வருடப் பழக்கம். கை தானாகவே பத்துக்கு ஒன்பது போட்டது.

"பையன் பின்னிட்டான்ல, சார்?" என்று பல்லிளித்தார் பக்கத்து நடுவர்.

அப்போதுதான் எனக்கு அந்த மருத்துவமனை வாசல் நினைவுக்கு வந்தது. "கையை விட்டுடாதப்பா" என்றாயே. விடையைப் படிக்காமல் கையெழுத்து அழகுக்கு மதிப்பெண் போடும் வாத்தியார்களை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்!

கோப்பையையும் நான்தான் கொடுத்தேன், நீ பிடித்திருந்த அதே கையால். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இந்தக் கையைத் தொடுவதும் தொடாததும் உன் விருப்பம்.

உன் அப்பா