ஆடி மாதத்துக் கிலோமீட்டர்

டீச்சர்,

நேற்று நம் பள்ளிக்கூடத்தில் அந்த பேனரைப் பார்த்தேன். குறுவை நெல்லைக் குவித்து, மழைக்கு அதன்மேல் போர்த்தியிருந்தார்கள். படத்தில் டை கட்டிய சிறுமி தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ‘உங்கள் குழந்தைக்கும் தனியார் பள்ளியில் இலவச இடம்’ என்ற வரி குவியலின் சரிவில் மடங்கிப்போய், ‘இலவச’ மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஈர நெல்லும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை. இத்தனை வருடமாகியும் எங்கும் கிழியவில்லை. நமக்கு மேலிருந்து வந்த பொருள்களில் தரமானது அது ஒன்றுதான்.

ஒரு காதுகுத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். ‘நம் பள்ளிக்கூடம்’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். வகுப்பறை பூட்டிக் கிடக்கிறது. மைதானம் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போயிற்று. நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்ததைவிடப் பொறுமையாகவே பார்க்கிறார்கள்.

அந்த பேனரை நம் வாசலில் கட்டச் சொல்லி உத்தரவு வந்த நாள் ஞாபகமிருக்கிறது. நீங்கள் தலைமையாசிரியை, நான் உதவி ஆசிரியர், மூன்றாவது ஆள் கிடையாது. சட்டம் புதிது. தனியார் பள்ளிகள் நான்கில் ஓர் இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும், கட்டணத்தை அரசு கட்டிவிடும், வீடு அந்தப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நல்ல சட்டம். ஏழையும் பணக்காரனும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் எழுதியது. அந்த பெஞ்ச் அரசுப் பள்ளியிலேயே இருக்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. நம்மிடம் பெஞ்ச் இல்லை.

நீங்கள் நாற்காலியில் ஏறி நின்றீர்கள். நான் கயிற்றைப் பிடித்தேன்.

“கோணலா கட்டாதீங்க சார். யாரு விளம்பரமா இருந்தா என்ன, தொங்குறது நம்ம வாசல்ல.”

அதே வாரம், கழிப்பறைக் கதவு கேட்டு நீங்கள் அனுப்பிய மனுவுக்குப் பதில் வந்தது. நிதி இல்லை.

கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்பது நம் வேலை. செல்வி வீட்டுக்கும் போனோம். அவள் கணவன் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவனைப் போலப் போனவர்கள் அனுப்பிய காசில் குடமுருட்டி ஆற்றின் எதிர்க்கரை முழுக்க மாடி வீடு, மாடி வீடுகளுக்கு நடுவில் ஒரு மெட்ரிக் பள்ளி. செல்வி வீட்டில் மாடி இன்னும் எழும்பவில்லை. ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனே அடையவில்லை.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். கவர்மெண்டே காசு கட்டி அங்க சேர்க்கச் சொல்லுது. அப்ப ஒங்க பள்ளிக்கூடத்தப் பத்தி கவர்மெண்டுக்குத் தெரிஞ்சிருக்குமா, எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தோம்.

தூரத்தைச் சரிபார்க்கக் கல்வி அதிகாரி வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, நடந்தே வந்தார். சித்திரை மாதம், ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிர்க்கரைப் பள்ளியிலிருந்து மணலில் இறங்கி நேராக நம் கரையில் ஏறினார்.

“ஒரு கிலோமீட்டருக்குள்ளதானே டீச்சர் வருது?”

“இப்பக் கேட்டா உள்ளதான் சார். ஆடியில கேட்டா மூணு. பாலத்தைச் சுத்தித்தான் போகணும்.”

“சட்டத்துல ஆடி இல்லையே டீச்சர்” என்றார். கையெழுத்துப் போட்டார்.

அந்த வருடம் நம் ஒன்றாம் வகுப்பு முழுசாக எதிர்க்கரைக்குப் போயிற்று. மேட்டூர் திறந்தார்கள். தண்ணீர் வந்தது. ஊரே பூப்போட்டுக் கும்பிட்டது, நாமும் கும்பிட்டோம். பிள்ளைகள் வேனில் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. கட்டணம் அரசு கட்டும். வேனுக்குக் கட்டாது, டைக்குக் கட்டாது, ஷூவுக்குக் கட்டாது. கட்ட வேண்டிய கட்டணமும் வந்து சேரவில்லை என்று அந்தப் பள்ளி பெற்றோரிடமே கேட்டது. செல்வி தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள். அப்புறம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்து நின்றாள், அந்த பேனருக்கு அடியில். நீங்கள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. “சாப்பிட்டியாடி?” என்று பிள்ளையை மட்டும் கேட்டீர்கள். அவளைத் தொடர்ந்து இன்னும் சிலர் வந்தார்கள்.

ஆனால் பள்ளிகளில் தலை எண்ணும் வேலை ஆடியோடு முடிந்திருந்தது. திரும்பி வந்த பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள், வாய்ப்பாடு சொன்னார்கள், சத்துணவு முட்டை தின்றார்கள். கணக்கில் மட்டும் இல்லை. அடுத்த வருடம் உத்தரவு வந்தது. மாணவர் எண்ணிக்கை போதாததால் அருகிலுள்ள அரசுப் பள்ளியுடன் இணைப்பு. அருகிலுள்ளது என்றால் எதிர்க்கரையில், அந்த மெட்ரிக் பள்ளிக்குப் பக்கத்தில். தூரம் ஒரு கிலோமீட்டருக்குள். ஏற்கெனவே அதிகாரி நேரில் நடந்து உறுதிசெய்தது.

நீங்கள் மனு மேல் மனுவாகப் போட்டு, ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் அவரை வரவழைத்தீர்கள். ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜீப் பாலத்தைச் சுற்றி வந்து புழுதியோடு நின்றது.

“மீட்டரைப் பாருங்க சார். எவ்வளவு காட்டுது?”

“ஜீப்புதான் டீச்சர் சுத்தி வந்துது. தூரம் அதேதான்.”

அவர் கேலி செய்யவில்லை. நம்பித்தான் சொன்னார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். என்னை ஒரத்தநாடு பக்கம் தூக்கிப் போட்டார்கள். நீங்கள் சர்வீஸ் முடிகிற வரைக்கும் எதிர்க்கரைக்கு மொபட்டில் சுற்றிப் போனீர்கள், பின் சீட்டில் செல்வியின் மகளோடு. போன ஐப்பசியில் உங்கள் அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டமும் அந்தக் கரையில்தான். உங்களையும் சுற்றித்தான் கொண்டுபோனோம்.

நேற்று அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். நெல் அவளுடையது. மேற்கே கருத்திருந்தது. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து பேனரை இழுத்துக் கட்டினோம்.

“கோணலா இருக்கு சார். டீச்சரு இருந்தா விட்டிருப்பாங்களா?”

அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

கொள்முதல் நிலையத்துப் பையன் குடையோடு வந்தான். “இங்க எடம் இல்லக்கா. மூட்டையெல்லாம் அக்கரை குடோனுக்குக் கொண்டுபோயிருங்க. பக்கந்தான், ஒரு கிலோமீட்டருகூட வராது.”

செல்வி என்னைப் பார்த்தாள். பின்னால் ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது.

“எந்த மாசத்துல தம்பி?” என்றேன்.