இரண்டு தோல் துண்டுகள்

நைனா,

இன்று காலை ஆஸ்பத்திரியில் அந்தச் சொட்டு மருந்துப் புட்டியைத் திறந்தேன். லாவெண்டர் பூவின் வாசனை. உள்ளே இருப்பது பாஷாணம் என்று மூக்குக்குத் தெரியாது. எதிரே இருந்த பெண்ணுக்கும் உங்களுக்கு வந்த அதே ரத்தப் புற்று. விலாவுக்குக் கீழே அதே மண்ணீரல் வீக்கம். நான்கு மாதமாக அதே சொட்டு.

"செண்டு போட்டா மட்டும் பாஷாணம் மருந்தாயிடுமா கண்ணு?" என்று மருந்து தந்த முதல் நாள் கேட்டீர்கள். பூச்சி அரிக்காமலிருக்கத் தோலைப் பாஷாணத் தண்ணீரில் முக்குவதை ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் பார்த்தவர் நீங்கள். "நானும் ஒரு தோல்னு நெனச்சு ஊத்து" என்று நீங்களே வாயைத் திறந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்தில் வயிற்று வீக்கம் வடிந்தது. எங்கள் வேலூர் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் உங்கள் உள்ளங்கையைத் திருப்பி, "இந்தத் தடிப்பு எப்போதிருந்து?" என்றார்.

"தோல் ஷாப்பு கைங்க சார். சுண்ணாம்புல ஊறின கை."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமென்று தலையசைத்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த கை. பாஷாணத்தால் புதிதாக ஏறிய காய்ப்பு எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவர் முன்னால் எனக்கு வாய் வந்திருக்குமா, சொல்ல முடியாது. சொட்டைக் கூட்டினார்.

ஒரு மாலை அம்மா கொதிக்கும் கஞ்சியைப் பித்தளை டம்ளரில் தந்தாள். துணி சுற்றாமல் பிடித்தீர்கள். விரல் சிவந்தது. முகம் மாறவில்லை.

"எத்தினி நாளா நைனா?"

"இன்னா எத்தினி நாளா?"

"கை மரத்துப்போனது."

டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "பொங்கலுக்கு முன்னேருந்து. சொன்னா மருந்த நிறுத்திடுவ. வயிறு மறுபடி வீங்கினா ஷாப்புல சேத்துப்பாங்களா?"

கட்டைவிரலால் தடவித் தோலைத் தரம் பிரிப்பதல்லவா உங்கள் வேலை. சட்டைப்பையிலிருந்து இரண்டு ஆட்டுத்தோல் துண்டுகளை எடுத்தீர்கள், ஒன்று மெல்லியது, மற்றது சற்றுத் தடித்தது. யாரும் பார்க்காதபோது தடவிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். "எது மெல்லிசுன்னு தெரியல கண்ணு" என்றீர்கள், திருடி மாட்டிக்கொண்டவரைப் போல.

மறுநாளே மருந்தை நிறுத்தினோம். விரலுக்கு உணர்வு திரும்புமுன் வயிறு மறுபடி வீங்கிவிட்டது. ஈறில் கசிந்த ரத்தத்தைப் பஞ்சால் அழுத்தியபடி உங்கள் பக்கத்திலேயே இருந்தேன். ஆடி பிறந்தபோது நீங்கள் இல்லை. முன்பே கண்டு மருந்தை நிறுத்தி, இடைவெளி விட்டு மறுபடி தொடங்கியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் கிடைத்திருக்கலாம். அந்தத் தலையசைப்பை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று அந்தப் பெண்ணிடம், "கை மரத்துப்போகுதா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

கண்ணை மூடச் சொல்லி, உங்கள் இரண்டு துண்டுகளையும் அவள் கையில் வைத்தேன். எது மெல்லிசு என்று கேட்டேன். வெகுநேரம் தடவினாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

புட்டியை மூடினேன். பெரிய டாக்டர் அவள் சீட்டில் ஒரு சொட்டு கூட்டி எழுதியிருந்தார். சீட்டையும் தோல் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் அவர் அறைக் கதவைத் தட்டினேன்.