முள்ளர் படையை நடத்திய உங்களுக்கு

இன்று காலை கடைவாய்ப் பல் ஒன்றைக் காட்டுவதற்காக வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியரிடம் போயிருந்தேன். என் பெயரைக் கூப்பிடும்வரை வெளியே கதிரையில் இருந்தபோது யாரோ உள்ளறைக் கதவைத் திறந்தார்கள். அந்த நெடி வந்தது. கட்டுப்பல் செய்யும் அக்ரிலிக் தூளில் ஊற்றுகிற திரவத்தின், மூக்கைக் கடிக்கிற காரமான நெடி. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் நன்றாக உள்ளே இழுத்தேன். மூன்று வருடங்களுக்கு மேலாக என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இந்த மணம்தான் இருந்தது. உங்கள் கையிலிருந்தும் பையிலிருந்தும் உங்கள் படையிலிருந்தும் வந்த மணம்.

நீங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு பல் ஆய்வுகூடத்தில் கட்டுப்பல் செய்கிறவர். நான் பம்பலப்பிட்டியில் காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் எழுதுநர். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், டியூஷன் வகுப்பு முடிந்து காலியாகும் அறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு மத்தியானங்களில் கூடுவோம். வாங்குமேசைகள் நான்கைச் சேர்த்துப் போட்டால் ஒரு உலகம். அதில் கட்டைவிரல் உயரப் பொம்மைப் படைகளை நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, டைஸ் உருட்டிச் சண்டை பிடிப்போம். வளர்ந்தவர்கள் பொம்மை வைத்து விளையாடுகிறார்கள் என்று வீட்டில் சிரிப்பார்கள் என்பதால் பாதிப் பேர் வீட்டில் சொல்வதே இல்லை. ரயில் போகும்போது மேசை நடுங்கி, குன்றில் நின்ற சிப்பாய்கள் விழுவார்கள். மறுபடி நிறுத்திவிட்டுத் தொடர்வோம்.

என் படை லண்டனிலிருந்து வந்த சித்தப்பாவின் சூட்கேசில் வந்தது. சாதாரண மனிதச் சிப்பாய்கள். உங்கள் படை எங்கிருந்தும் வரவில்லை. இறக்குமதியெல்லாம் நின்றுபோயிருந்த காலத்தில் நீங்களே அக்ரிலிக்கில் செதுக்கியது. பல் முரசின் நிறத்தில், ஈறுபோல இளஞ்சிவப்பாக, உடம்பெல்லாம் முள்ளுடன் நின்றன. அதனால்தான் அவர்களுக்கு நாங்கள் முள்ளர் என்று பெயர் வைத்தோம். விளையாட்டின் புத்தகத்தில் அவர்கள் சூரியனே இல்லாத நகரத்தில் வாழும் வேற்றுலகக் கொள்ளையர். மற்றவர்களின் பயம்தான் அவர்களுக்குச் சாப்பாடு. கொக்கியும் வலையும் கட்டிய திறந்த ஓடங்களில் வந்து, ஆட்களை உயிரோடு பிடித்துக்கொண்டு பறந்துவிடுவார்கள். அவர்களை எடுத்து விளையாட யாருக்கும் மனம் வரவில்லை. நீங்கள் எடுத்தீர்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடட்டுமா என்று முதல் நாளே கேட்டேன். "வேணாங்க. அப்புறம் உங்கள அடிக்க எனக்கு மனசு வராது" என்றீர்கள்.

அன்று நீங்கள் எனக்கு அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. முள்ளருடைய ஓடம் மேசை விளிம்பைத் தாண்டினால் அதில் பிடித்து ஏற்றப்பட்டவர்கள் கைதிகள். ஒவ்வொரு கைதிக்கும் உங்களுக்கு ஒரு டைஸ் கூடும். என் சிப்பாய்கள் மூன்று பேரைப் பிடித்து, உங்கள் பக்கத்தில் ஒரு தகர மூடிக்குள் வரிசையாக நிறுத்தினீர்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் டைஸை மேசையில் வைத்துவிட்டு, யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து, தண்டவாளத்தைக் கடந்து, கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு கல்லில் இருந்தேன்.

மறுநாள் தொலைபேசியில் உங்கள் செய்தி வந்தது. "உங்ககூட பேசணும்." யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. ஆட்டத்தை இடையில் விட்டதற்கு ஏச்சு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் இரண்டு கோப்பை பிளேன்ரீயோடு வாங்குப் பலகையில் இருந்தீர்கள். நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. "நான் உங்கள என்ன பண்ணிட்டேன்?" என்றுதான் கேட்டீர்கள். எனக்கொரு அண்ணா இருந்தவர், அவரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் என்று மட்டும் சொன்னேன். கொழும்பில் அதை நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நீங்கள்.

நீங்கள் மன்னிப்பு என்று இழுக்கவில்லை. இந்தப் படையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறு படை எடுத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு கேட்டேன், பிடிபட்டவர்களைத் திருப்பி எடுக்கிறதுக்கு விளையாட்டில் வழி இருக்கா என்று.

நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். "ரூல்ல இல்ல. நம்ம எழுதலாம்."

ஒரு மாதம் கழித்து சீ.ஆர். கொப்பி என்கிற தடித்த குறிப்பேட்டில் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தீர்கள். கூடவே இரண்டு பெட்டிகள். ஆய்வுகூடத்தில் வேலை முடிந்து கழித்துப்போட்ட பிளாஸ்டர் தாடைகளை அறுத்து, அடுக்கி, கறுப்பு மை பூசி முள்ளரின் நகரத்தைக் கட்டியிருந்தீர்கள். மதில்கள் முழுக்கப் பல். நடுவில் ஒரு கூடு. அதற்குள் என் மூன்று சிப்பாய்கள். இந்த முறை என் படைதான் உள்ளே போகவேண்டும். எல்லாரும் கிட்ட வந்து பார்த்தார்கள். எவருடைய வாயோ தெரியாது, ஆனால் ஒழுங்காக விளக்கியிருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னபோது, அந்த அறையில் நான் முதன்முதலாகச் சிரித்தேன்.

நான் தோற்றேன். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் தோற்றேன். மூன்றாம் தடவை கூட்டைத் திறந்து, ஒருவனை வாசல்வரை கொண்டுவந்துவிட்டேன். உங்களிடம் ஒரே ஒரு ஓடம்தான் மிச்சம். அதைத் திருப்பாமல் விட்டிருக்கலாம். நீங்கள் அளந்து, திருப்பி, டைஸ் உருட்டி அவனை மறுபடி கொக்கியில் மாட்டினீர்கள். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு ஒரு இரக்கமும் இல்லையோ என்று கேட்டேன்.

"இருக்கு," என்றீர்கள். "நான் விட்டுக்குடுத்தா அவன நீங்க கூட்டிட்டு வந்ததா இருக்காது."

அதற்குப் பிறகு நான் உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. முள்ளரை உங்களைப்போல நேர்மையாக யாரும் நடத்தியிருக்க முடியாது. டைஸ் மேசைக்குக் கீழே விழுந்தால், ஆறு விழுந்திருந்தாலும், எடுத்து மறுபடி உருட்டுவீர்கள். அரை அங்குலம் குறைந்தால் குறைந்ததுதான். எனக்கு எதிரே இருந்த கொடுமை சட்டத்துக்குள் நடக்கிற கொடுமை. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் அப்போது உங்களுக்குச் சொல்லவில்லை.

ஐந்தாவது ஆட்டத்தில்தான் ஒன்றைக் கவனித்துச் சொன்னீர்கள். மழை கொட்டியதால் அன்று மற்றவர்கள் வரவில்லை. அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டீர்கள்.

"உங்க ஆளு ஒருத்தன் எப்பவும் அந்த மூல மதிலுக்குப் பின்னாடியே நிக்கிறான். அஞ்சு ஆட்டமா பாக்குறேன். அவன் ஒரு அடி நகர்ந்தா கூடு உங்க கையில. ஏன் நகர்த்த மாட்டேங்கிறீங்க?"

நான் மேசையைப் பார்த்தேன். எனக்கே தெரியாமல் நடந்திருந்தது. பிறகு முழுவதையும் சொன்னேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. அண்ணா நிரூபன் கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தார்; அம்மாவும் நானும் அவரோடுதான் இருந்தோம். ஒரு விண்ணப்ப அலுவலாக என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். தேத்தண்ணிக் கடையில் சாப்பிட்டோம். போட்டோ கொப்பி எடுக்க என்னை எதிர்க்கடைக்கு அனுப்பினார். மெஷினுக்குப் பின்னால் நின்று கொப்பியை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு வான் வண்டி வந்து நின்றது. இறங்கியவர்கள் அவரை இரண்டு கையிலும் பிடித்தார்கள். நான் அந்த மெஷினுக்குப் பின்னாலேயே நின்றேன். வான் போனபிறகும் நின்றேன். அம்மாவிடம் அன்றைக்கு நான் டியூஷனில் இருந்ததாகச் சொல்லிவிட்டேன். பதினான்கு வருடமாக அம்மா அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். அதே வீதியில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு எத்தனை தரம் கூப்பிட்டும் நான் வராததற்கு வேலை காரணமே இல்லை. அந்த வீதியில் கால் வைக்க என்னால் ஏலவில்லை.

நான் முடித்த பிறகு நீங்கள் ஒன்று கேட்டீர்கள்.

"அவரு உங்கள பாத்தாரா?"

"பார்த்தவர்."

"பாத்துட்டு?"

"மற்றப் பக்கம் திரும்பிட்டார். நான் ஆரெண்டே தெரியாத மாதிரி."

நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"அன்னைக்கு அந்த ரோட்டுல உங்க அண்ணன் ஒரு ஆள காப்பாத்தியிருக்காரு. அத நீங்க அவரோட அம்மாகிட்டயே சொல்லாம வெச்சிருக்கீங்க."

அதுவரை நான் மறைத்தது என் கோழைத்தனத்தை என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணாவின் கடைசிச் செயலையும் சேர்த்து மறைத்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தத் திரும்பலை நான் எத்தனை ஆயிரம் தடவை மனதில் பார்த்திருப்பேன். கோபித்துக்கொண்டு திரும்பினார் என்றுதான் பார்த்திருந்தேன்.

அந்த ஆட்டத்தை நாங்கள் முடிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் புதிதாகத் தொடங்கினோம். அன்று என் சிப்பாய்கள் மூவரில் இருவரை வெளியே கொண்டுவந்தேன். உங்களுக்கு உண்மையிலேயே எரிச்சல். ஓடத்தை இடப்பக்கம் விட்டிருக்கவேண்டும் என்று வீதிவரை முணுமுணுத்துக்கொண்டு வந்தீர்கள். அதைப் பார்த்தபோதுதான் நான் நிஜமாக வென்றிருக்கிறேன் என்று விளங்கியது.

அம்மாவிடம் ஒரு சனிக்கிழமை காலையில் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பிறகு நின்றது. ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்று கேட்பார், அழுவார், அடிப்பார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன்.

"அவன் அண்டைக்குச் சாப்பிட்டவனோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. ரெண்டு மீன் மாலுபாணும் பிளேன்ரீயும். எனக்கு வாங்கினதிலயும் பாதி பிடுங்கித் திண்டவர்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பதினான்கு வருடமாக ஒவ்வொரு சாப்பாட்டிலும் அவரை அரித்த கேள்வி அதுதான் என்று பிறகு சொன்னார். பிள்ளை வெறும் வயிற்றோடு போனானோ என்று. பதில் அவ்வளவு காலமும் என்னிடம் இருந்தது. அதே வீட்டில், அதே மேசையில். அன்று மத்தியானம் அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

இதெல்லாம் யாரால் நடந்தது என்று கேட்டு, உங்களைப் பார்க்கவேண்டும் என்று அம்மாதான் பிடிவாதமாக நின்றார். அப்படித்தான் நான் மறுபடி கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தார். அந்தப் போட்டோ கொப்பிக் கடை இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. நீங்கள் முள்ளரை ஒரு தட்டில் அடுக்கி அம்மாவுக்குக் காட்டினீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்த அம்மா, இவ்வளவு பொல்லாததுகளை இவ்வளவு வடிவாய்ச் செய்திருக்கிறாய் பிள்ளை என்றார். அதை உங்கள் வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தீர்கள்.

போன வருடம் டெங்கு. வியாழக்கிழமை காய்ச்சல் என்று செய்தி போட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன், என் இடத்தில் யாரையும் இருத்தாதீர்கள் என்று பகிடியாக எழுதினீர்கள். செவ்வாய் உங்கள் தங்கச்சி அழைத்தார். செத்தவீட்டில் அம்மா உங்கள் அம்மாவின் பக்கத்தில் இருந்து, விரல்களைப் பிடித்துக்கொண்டு, இறுதிவரை ஒன்றுமே கதைக்கவில்லை. என்னாலும் ஏலவில்லை. உங்களுக்கு நன்றி என்று ஒரு தடவையாவது முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். இல்லை. ஆட்டம் முடிந்ததும் கை குலுக்குவோம். அது மட்டும்தான். ஆகவேதான் இந்தக் கடிதம்.

சென்ற மாதம், காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகத்திலிருந்து அண்ணாவைப் பற்றி மறுபடி ஒரு படிவம் தபாலில் வந்தது. இத்தனை வருடங்களில் எத்தனையோ வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் அம்மாதான் நிரப்புவார். நான் பக்கத்து அறையில் இருப்பேன். இந்த முறை பேனையை என்னிடம் நீட்டினார். பெயர், வயது, அங்க அடையாளம் எல்லாம் எழுதினேன். அடுத்த வரி, கடைசியாக நேரில் கண்டவர் யார் என்று கேட்டது. அம்மா ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார்.

அந்த வரியில் என் பெயரை முழுவதாக எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் தம்பி என்று எழுதினேன்.