மழைத்தண்ணி மீன்

1958 நவம்பர் 4, செவ்வாய். கீழக்கரை.

விடியறப்பவே மழை. முத்தத்துல அண்டா வச்சுத் தண்ணி புடிச்சேன். மீனுக்கு.

தந்தி வந்த நாள்லேருந்து கண்ணாடித் தொட்டித் தண்ணியை ஒருத்தரும் மாத்தலை. நானும்தான். இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. ஒரே கலங்கல். தங்கமீனோட வாலு கிழிஞ்ச துணியாட்டம். இடுப்புப் பக்கம் வெள்ளையா, பஞ்சு ஒட்டுன மாதிரி ஏதோ. இரை போட்டா வரலை. மூலையில சாஞ்சு நிக்குது.

போன வருஷம் மச்சான் கொழும்புலேருந்து கொண்டாந்தது. பிஸ்கட் டின்னுல தண்ணி ஊத்தி, மூடியில ஆணியால ஓட்டை போட்டு, கப்பல்ல மடியில வச்சுக்கிட்டே வந்தாக. தனுஷ்கோடி சுங்கத்துல மூடியத் தொறந்து பாத்த ஆபீசரே சிரிச்சுட்டாராம். "நான் அங்கன கடையில கெடக்கையில உன்னை மொறைச்சுப் பாக்க இங்கன ஒரு ஆளு வேணாமா?"ன்னாக.

இப்ப மச்சானுக்கு அந்தக் கொழும்பு மண்ணுலயே கபுர். காய்ச்சல்னு ஒரு தந்தி. அடக்கம் பண்ணியாச்சுன்னு இன்னொரு தந்தி. புருஷன் போனவளுக்கு நாலு மாசம் பத்து நாள் இத்தா, நான் அதுல இருக்கேன். வெள்ளைச் சேலை. வாசப்படி தாண்டக் கூடாது. வர்ற பொம்பளைக எல்லாம், "அழுதுரு புள்ள, அழுதாத்தான் ஆறும்"கிறாக. வரலையே, என்ன செய்ய?

தண்ணி பாதி மாத்தினேன். கை நாத்தம் போகலை.

நவம்பர் 5, புதன்.

மழை இல்லை. புழுக்கம்.

உம்மா: "கடல் தண்ணி ஒரு கொடம் கொண்டாரச் சொல்லவா? மீனுதான, உப்புப் பட்டாத் தெளிஞ்சுரும்." பக்கத்து வீட்டு லாத்தாவும் அதே பாட்டு. இந்த ஊர்ல மீனுன்னா கடல்தான். இது நல்லதண்ணி மீனு, கெணத்து உவரே இதுக்கு ஆகாது, மழைத்தண்ணிதான் ஊத்தணும்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது.

காக்காவை மருந்துக் கடைக்கு அனுப்பினேன். கூடப்பொறந்த அண்ணங்கிறதால, ஆம்பளைகள்ல அவர்கிட்ட மட்டுந்தான் இப்ப பேச முடியும். "மீனுக்கு மருந்துன்னு எப்படிம்மா போய்க் கேப்பேன்? கம்பவுண்டர் வாயால சிரிக்க மாட்டாரு"ன்னு மொனகிக்கிட்டே போனாரு. கெணத்துல போடுற பெர்மாங்கனேட் ஒரு பொட்டலம் வாங்கியாந்தாரு.

ராத்திரி சாப்பிடலை. பசி இல்லை. மறந்தும் போச்சு.

நவம்பர் 7, வெள்ளி.

மண்சட்டியில மழைத்தண்ணி. மருந்து ஒரு இம்மி, ரோஸ் கலர் வர்ற அளவு. மீனை அதுல கொஞ்ச நேரம். ஈரக் கையில புடிச்சு, பஞ்சை உப்புத் தண்ணியில நனைச்சு அந்த வெள்ளையைத் தொடச்செடுத்தேன். உள்ள செவப்பாப் புண்ணு. உள்ளங்கைக்குள்ள கெடந்து துடிச்சுச்சு. எனக்கு ஒண்ணும் தோணலை. பாத்திரம் கழுவுற மாதிரிதான் இருந்துச்சு.

சாயங்காலம் மாமி வந்தாக. மச்சானோட உம்மா. அஞ்சு வீடு தள்ளித்தான் இருக்காக. தொட்டிக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னாக.

"நிக்காஹ் ஆன அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தவன். கொழும்புலேருந்து கொண்டாந்த பெட்டியெல்லாம் இந்த வீட்டுலதான் தொறந்தான். மாப்பிள்ளை பொண்ணு வீட்டோட இருக்கிறது ஊர் வழக்கம், நான் ஒண்ணும் சொல்லலை. இந்த மீனையாவது எனக்குத் தா புள்ள."

"எடுத்துக்கங்க மாமி"ன்னேன்.

உம்மாதான் குறுக்க வந்துச்சு. "நோவாக் கெடக்கு மதினி. தேறட்டும், நானே கொடுத்து விடுறேன்."

தேறினா மாமி வீட்டுக்கு. தேறலைன்னா குப்பைக்கு. நான் தண்ணி மாத்துறேன்.

நவம்பர் 10, திங்கள்.

நல்ல மழை. ஓட்டுல ஒழுக்கு. சட்டி வச்சாச்சு.

செஞ்சது: காலையில ரோஸ் தண்ணி. தொட்டியில கல்லுப்பு ஒரு சிட்டிகை. பழைய இரையை உறிஞ்சி எடுத்தது. லுஹர் தொழுகை. மச்சான் சட்டைகளை வெயில் வந்தாக் காயப்போடணும், பூஞ்சை வாடை.

புண்ணு காஞ்சுருக்கு. வாலு ஓரத்துல கண்ணாடி மாதிரி புதுசா மொளைக்குது. பொறிகடலை மாவு போட்டேன், வந்து கவ்விருச்சு.

"பாத்தியா, தேறிருச்சு"ன்னு உம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குக் கோவம்தான் வந்துச்சு. எதுக்குன்னு தெரியலை. ஒனக்கு மட்டும் எப்படித் தேறுது?

நவம்பர் 13, வியாழன்.

மாமி வந்து கொண்டு போயிட்டாக. தொட்டி வேணாமாம், தூக்குறப்ப ஒடைஞ்சுரும்னு பயம். ஊறுகா ஜாடியில மழைத்தண்ணி ஊத்தி நானே மீனை விட்டுக் கொடுத்தேன். கெணத்துத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு மட்டும் சொன்னேன். துப்பட்டிக்குள்ள ஜாடியை வச்சு அணைச்சுக்கிட்டு நடந்தாக. சன்னல் வழியாப் பாத்தேன்.

தொட்டியைக் கழுவிக் கவுத்தாச்சு.

நவம்பர் 14, வெள்ளி.

காலையில காக்கா ராமநாதபுரம் பஸ்ஸுக்குக் கெளம்புறப்ப சொல்லிட்டுப் போனாரு: "மாமி வீட்டுல உன் மீனுக்கு என்னா மரியாதைங்கிற! பெரிய செம்பு அண்டாவைப் புளி போட்டுத் தேச்சு, தகதகன்னு, அதுலதான் விட்டிருக்காக."

செம்பா. செம்பு, பித்தளை எதுவும் ஆகாதுன்னு கொழும்புல மீன்கடைக்காரன் மச்சான்கிட்டச் சொல்லி விட்டான். அது எனக்குத் தெரியும். மாமிக்கு எப்படித் தெரியும்? நேத்து சொல்லியிருக்க வேண்டாமா நான்?

உம்மாவைப் போகச் சொன்னேன். "நாம குடிக்கிற தண்ணியே செம்புலதான் இருக்கு, மீனுக்கு என்னா கேடு? புள்ளையைப் பறிகொடுத்தவ. கொடுத்துட்டு மறுநாளே குத்தம் சொல்றோம்னு நெனைப்பா. நாளைக்குப் போறேன்."

வாசப்படி வரைக்கும் போனேன். அஞ்சு வீடு. தெருவுல ஆம்பளைக ஜும்ஆத் தொழுகைக்குப் போய்க்கிட்டு இருந்தாக. திரும்பி வந்து உக்காந்துட்டேன்.

நவம்பர் 15, சனி.

வானம் மூடாக்கு. தூறல்.

உம்மா கெளம்புறதுக்குள்ள மாமியே வந்துட்டாக. வெறுங்கை. மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு.

"ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. சுபுஹுத் தொழுகைக்கு எந்திரிச்சுப் பாத்தா மல்லாக்க மெதக்குது. நான் என்னா புள்ள தப்பு செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யலை மாமி. ஏற்கெனவே நோவுதான அது"ன்னேன். செம்பைப் பத்தி வாயே தொறக்கலை. உம்மா என்னையப் பாத்துச்சு, அடுப்படிக்குள்ள போயிருச்சு.

மாமி கீழ உக்காந்தாக. கொரலைத் தாழ்த்திச் சொன்னாக:

"தூக்கிப் போட மனசு வரலை. ஊரார் கேட்டா சிரிப்பாக. நல்ல தண்ணியில கழுவி, வெள்ளைத் துணியில சுத்தி, மருதாணிச் செடிகிட்டப் பொதச்சேன். மூடுறதுக்கு முந்தி மொகத்தப் பாத்துக்கிட்டேன். அவன் மொகத்தத்தான் பாக்கக் கெடைக்கலை."

"தலை எந்தப் பக்கம் மாமி?"

"வடக்கே."

"மொகம்?"

"மேற்கே, கிப்லாப் பக்கம்."

"கொழும்புலயும் மச்சானை அப்படித்தான மாமி வச்சிருப்பாக?"

மச்சான்னு வாய்விட்டுக் கூப்புட்டு அழுதுட்டேன். சத்தம் கேட்டு உம்மா அடுப்படியிலேருந்து ஓடியாந்துச்சு.