பத்து வள்ளம் ராகி

அரியூர் நாடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெயசுதாவுக்கு அப்பா பொன்னன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். திருப்பூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் என்றால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

அங்கே உன்னோடு வேலை செய்யும், நீ கட்டிக்கொள்ள நினைக்கும் சுக்ராமின் வீட்டைப் பார்க்க, அவனோடு ஜார்க்கண்ட் போய் நேற்றுதான் திரும்பினேன். வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடித்தான் போனேன்.

கீழ்நாட்டுக்காரன் கோழிப்பண்ணையும் லாரியுமாகக் கொழிக்கிறான், தேசத்திலேயே ஏழை எங்கள் மலைதான் என்று நாமக்கல் கலெக்டர் ஆபீசில் நான் கொடுக்காத மனு இல்லை. சுக்ராமின் அப்பா என் போனில் நம் வீட்டுப் படத்தைப் பார்த்தார். ஓட்டு வீடு, மிக்சி, ரோட்டில் பஸ். நீங்கள் ஜமீன்தாரா என்று கேட்டாராம், சுக்ராம்தான் தமிழில் சொன்னான். கோபம்தான் வந்தது. ஆனால் அங்கே பஸ் ஏற ஒரு காட்டையே தாண்ட வேண்டும். நோயாளியைக் கட்டிலோடு தூக்கிப் போகிறார்கள். இப்படியும் ஒரு ஊர் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நம் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தரும் பரியம் கேட்டேன். பத்து வள்ளம் ராகி, அளந்தால் ஒரு மூட்டை வரும். நம் மலையில் என்றால் சிரித்துப் பேசி மூன்றுக்கு இறக்குவார்கள். இழுபறியானால் அதையே சாக்காக்கி எழுந்துவிடலாம் என்று இருந்தேன். யாரும் பேரம் பேசவில்லை. சுக்ராமின் அம்மா உள்ளே போய்த் தானியப் பானையைக் கவிழ்த்தாள். அடியைக் கையால் வழிக்கும் சத்தம் கேட்டது. குறைத்துக் கேட்கச் சொல்லப்பா என்று சுக்ராமை அதட்டினேன்.

"ராஜா ஊட்டுப் பொண்ணைக் குடுக்கறீங்களாம். குறைச்சுக் கேட்டா மரியாதை இல்லைன்னு அப்பா சொல்றாருங்க" என்றான்.

பரியத்தைத் திருப்பினால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். அந்த வாசலிலேயே திருப்பியிருந்தால் நான் நினைத்துப் போனது நடந்திருக்கும். கை வரவில்லை. மூட்டை இப்போது நம் வீட்டில் இருக்கிறது. அவிழ்க்க வந்த உன் அம்மாவை விரட்டிவிட்டேன். அவர்கள் இன்றைக்கு எதைக் கரைத்துக் குடிக்கிறார்களோ.

இந்தச் சம்பந்தம் எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. மனு கொடுப்பதையும் நிறுத்த மாட்டேன். ஆனால் தாலி ஏறிய பிறகு மகள் வீட்டுக்கு அப்பன் தானியம் அனுப்பினால் யாரும் தப்புச் சொல்ல முடியாது. அதற்கு முன் ஒரு படி அனுப்பினாலும் முறித்ததாகிவிடும். கல்யாணத்துக்குத் தை வரைக்கும் பொறுக்கலாம் என்றாயே, வேண்டாம் சாமி. லீவு கேட்டுக்கொண்டு இந்த வாரமே வா. அவனுக்கும் சொல்லு.

அறப்பளீஸ்வரர் உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பொன்னன்