ஊசலை எண்ணிய வாய்

23 செப்டம்பர் 1955, வெள்ளி

இன்று பௌதிக சோதனைச்சாலையில் ஊசலின் ஆட்டங்களை எண்ணும்போது என்னையறியாமல் வாய்விட்டு எண்ணிவிட்டேன். பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சேலத்துக்காரன் சண்முகம் சிரித்தான். "என்னடா, கன்னடத்துல எண்றே?"

கன்னட எல்லையோரத்து எங்கள் பாகலூர்ச் சந்தையில் அப்பாவோடு தேங்காய் எண்ணிப் பழகிய வாய். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றேன்.

அவன்தான் கல்லூரித் தமிழ் மன்றத்துச் செயலாளர். சாயங்காலம் பார்த்தால், பேச்சுப் போட்டிப் பட்டியலில் என் பெயரை அடித்திருக்கிறான். கேட்டதற்கு, "தமிழ்ல எண்ண வராதவன மேடை ஏத்தினா என்னைத்தான் கேப்பாங்க" என்றான்.

ஒரு மாதமாக மனப்பாடம் செய்த பேச்சு. எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அறைக்கு வந்ததும் எரிச்சலில், ஆயுத பூஜை விடுமுறைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன். அதுவும் கன்னடத்தில்தான்.